காசோலை படமாகிப் போன கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிகலா பேசுங்க, ஆனா போர் அடிக்காம பேசுங்க" என்றார். இரண்டும் ஒன்றாகச் சேராது என்று இதே ஹாலில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் டெக்னிகல், மீதி எங்கள் வீட்டுக் கதை என்று பேசிவிட்டுப் போகிறேன்.

நான் 2011-இல் இ.சி.இ. முடித்து வெளியே போனவன். அன்று முதல் இன்று வரை எனக்குச் சோறு போடுவது ஒன்றுதான்: காசோலை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அந்தக் காகிதத்தை மிஷினுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். டீக்கடையில் போனை நீட்டிக் காசு கொடுக்கும் தம்பிகள், "இந்தக் காலத்துல இன்னும் செக்கா அண்ணே?" என்று கேட்பீர்கள். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர், கான்ட்ராக்டர், அட்வான்ஸைத் திருப்பித் தரும் வீட்டுக்காரர் என்று இன்னும் பலருக்கு அந்தக் காகிதம் வேண்டியிருக்கிறது. அதில் ஒருவர் என் அப்பா.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அப்பாவுக்கு மோட்டார் பம்ப்செட் கடை. சரக்கு கோயம்புத்தூரிலிருந்து வரும். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா எழுதிக் கொடுக்கும் செக் என்ன பாடு படும் தெரியுமா? அதைக் கோயம்புத்தூர்க்காரர் தன் வங்கியில் போடுவார். வெளியூர் செக் என்பதால் அது கலெக்‌ஷனுக்குப் போகும். அதாவது அந்தக் காகிதமே தபாலில் ஏறி எங்கள் ஊர்க் கிளைக்குத் திரும்பி வரும். இங்கே கையெழுத்தைப் பார்த்து, கணக்கில் பணம் இருக்கிறதா என்று லெட்ஜரைப் பார்த்து, அப்புறம்தான் பணம் போகும். பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம். பெரிய நகரங்களில் மட்டும் 1980-களிலேயே எம்.ஐ.சி.ஆர். வந்துவிட்டது. செக்கின் அடியில் விநோதமான எழுத்தில் எண்கள் இருக்குமே, அதுதான். இரும்பு ஆக்சைடு கலந்த மசியால் அச்சடித்தது. அதில் ஒன்பது இலக்கம் ஒரு முகவரி: முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. மிஷின் அதைப் படித்து வங்கிவாரியாகப் பிரித்துப் போடும். ஆனால் பிரித்த பிறகும் காகிதம் மூட்டையாகத்தான் போயாக வேண்டும்.

காகிதம் போகாமல் அதன் படம் மட்டும் போனால் போதாதா என்பதுதான் செக் ட்ரங்கேஷன், சுருக்கமாக சி.டி.எஸ். இதற்கு முதலில் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். நம் செலாவணி முறிச் சட்டம் 1881-ஆம் வருடத்தது. வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் செய்து, காசோலையின் மின்னணுப் படமும் காசோலைதான் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் இதற்கு வேறொரு காரணம் வந்து சேர்ந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்களெல்லாம் தரையில் நின்றன. செக் மூட்டைகளும் அவற்றோடு நின்றுவிட்டன. அதன் பிறகு அங்கே கொண்டு வந்த சட்டம் 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கியது. அடுத்த ஊர் நம்ம சென்னை, 2011 செப்டம்பர் 24. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. ஆக, நானும் சென்னை சி.டி.எஸ்.ஸும் ஒரே செட்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஸ்கேனர் எடுக்கும் படம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது. கேட்க எளிது. ஒரு செக்குக்கு மூன்று படம்: முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்று. நம் வியாபாரிகள் முதல் செக்கில் என்ன செய்வார்கள்? பிள்ளையார் சுழி போடுவார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வந்த செக்குகளில் குங்குமப் பொட்டு தொகை எழுதிய கட்டத்துக்கு நேர் மேலே இருந்தது. கண்ணுக்கு அது சிவப்பு. எண் தெளிவாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலோ ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். குங்குமம் கறுப்புப் பக்கம் சாய்ந்தது. தொகை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு உருண்டை. இமேஜ் ப்ராசஸிங் பாடத்தில் த்ரெஷோல்டு என்று படித்து ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியதோடு சரி. அது ஒரு மனிதருடைய சரக்குப் பணத்தை நிறுத்தி வைக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். செக்கின் மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்தாதீர்கள், அடர்ந்த மசியில் எழுதுங்கள் என்று வங்கிகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

படம் என்று சொல்கிறேனே, அது எவ்வளவு பெரியது? செக் சுமார் எட்டு அங்குல நீளம், மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம். சாம்பல் நிறப் படம் அங்குலத்துக்கு 100 புள்ளி. கணக்குப் போட்டால் மொத்தம் மூன்று லட்சம் புள்ளிக்கும் குறைவு. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் ஒரு கோடிக்கு மேல் இருக்கும். அந்த மூன்று லட்சத்தில் உங்கள் கையெழுத்துக்கு ஒரு சின்ன மூலை. பணம் கொடுக்க வேண்டிய வங்கியின் ஊழியர் திரையில் அந்த மூலையைப் பார்த்துத்தான் இது நீங்கள் போட்டதா என்று முடிவு செய்கிறார். காகிதத்தைத் தடவிப் பார்க்க முடியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாட்டர்மார்க் பார்க்க முடியாது. காகிதம் போட்ட வங்கியிலேயே தங்கிவிடுகிறது. பத்து வருடம் அங்கேதான் இருக்கும். அதனால் காகிதம் நிஜமா என்று பார்க்கும் பொறுப்பு போட்ட வங்கிக்கு, கையெழுத்து நிஜமா என்று பார்க்கும் பொறுப்பு கொடுக்கும் வங்கிக்கு என்று வேலை இரண்டாகப் பிரிந்து போயிற்று. சந்தேகம் வந்தால் அசல் காகிதத்தைக் கேட்டு வாங்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடைவெளியில் போலிச் செக் நுழையப் பார்க்கும். அதற்காகத்தான் 2021 ஜனவரி முதல் பாசிடிவ் பே என்ற ஏற்பாடு வந்தது. ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் எழுதும் செக்குக்கு, யாருக்கு, என்ன தேதி, எவ்வளவு என்று நீங்களே முன்கூட்டி வங்கிக்குச் சொல்லி வைக்கலாம். செக் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கலாம். பெற்றோர் செக் எழுதுகிறவர்களாக இருந்தால் இதை மட்டும் இன்று போய்ச் சொல்லிக் கொடுங்கள். சி.டி.எஸ். தகராறு தீர்க்கும் ஏற்பாட்டில் பதிவு செய்த செக்குக்குத்தான் இடம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அடித்துத் திருத்திய செக்கும் செல்லாது. தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் கூடாது, பக்கத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் சரி.

இவ்வளவும் நடந்தும் 2025 வரை வாடிக்கையாளருக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. இன்று போட்ட செக்குகளின் படங்கள் தொகுதி தொகுதியாகப் போகும். பணம் இல்லாவிட்டால் திரும்புவது மறுநாள். 2025 அக்டோபர் 4-ஆம் தேதி அதுவும் மாறியது. தொடங்கிய அன்று ஏற்பாடு இப்படி: காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வருகிற செக்கை அவ்வப்போதே படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்கும் வங்கி அன்றே மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே அர்த்தம். பணம் பெற வேண்டியவருக்கு இது பெரிய வரம், சந்தேகமே இல்லை.

அந்த மாற்றத்துக்காக ஒரு வங்கியின் மென்பொருளைத் திருத்திய குழுவில் நானும் ஒருவன். ராத்திரி பகலாக உழைத்தோம். அக்டோபர் 4 சாயங்காலம் ஆபீசில் கேக் வெட்டினோம். (கேக் கொஞ்சம் அவசரம்தான். முதல் சில நாட்கள் பல வங்கிகளில் தடுமாற்றம். செக் போட்டவர்கள் பணம் எங்கே என்று கேட்டுக் கொண்டிருந்தார்கள். அப்புறம் மெல்லச் சரியானது.) வாட்ஸ்அப்பில் கேக் படத்தை அப்பாவுக்கும் அனுப்பினேன். "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று பதில் வந்தது. எதற்குக் கேக் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு நாள் அம்மா போன் பண்ணினார்கள். "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலப்பா. ஏதோ செக்காம். நான் சொன்னதா காட்டிக்காத" என்றார்கள். சனிக்கிழமை கிளம்பி ஊருக்குப் போனேன்.

நடந்தது இது. கோயம்புத்தூர் கம்பெனியின் வசூல்காரர் செவ்வாய் சாயங்காலம் கடைக்கு வந்திருக்கிறார். அப்பா மறுநாள் தேதியிட்டு 1,86,400 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். கணக்கில் அப்போது தொண்ணூறாயிரம் சொச்சம். புதன்கிழமை எங்கள் ஊரில் வாரச் சந்தை. கடனுக்கு மோட்டார் எடுத்த விவசாயிகள் சந்தைக்கு வரும்போதுதான் பாக்கியைக் கொடுப்பார்கள். புதன் ராத்திரி எண்ணி, வியாழன் காலையில் கவுண்டரில் கட்டிவிட்டால் செக் பாஸ். இது ஒரு வாரத்துக் கணக்கு இல்லை. பல வருடமாக அப்பா இப்படித்தான் செய்கிறார், ஒரு முறை கூடத் தப்பியதில்லை. ஆனால் வசூல்காரர் புதன்கிழமை காலை பத்தரைக்கு மதுரையில் தன் வங்கியில் செக்கைப் போட்டுவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவின் போனுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. சந்தை நாள் கூட்டத்தில் அவர் அதைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் வசூல்காரரே போன் போட்டு, "அண்ணாச்சி, செக் திரும்பிடுச்சே" என்றபோதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் கல்லாப்பெட்டியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரொக்கம் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். வியாழக்கிழமையே அப்பா பணத்தை அனுப்பிவிட்டார், விஷயம் முடிந்தது. வங்கி பிடித்த அபராதம் சில நூறு ரூபாய்தான். ஆனால் கடைவீதியில் செக் திரும்பியது என்றால் அது வேறு பேச்சு. 138-ஆம் பிரிவு என்றால் எங்கள் கடைவீதியில் படிக்காதவருக்கும் தெரியும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வழக்கு, இரண்டு வருடம் வரை ஜெயில். வழக்கு வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரியும். "இருபத்தேழு வருசம்டா" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, நீதான இந்த செக் மிஷினுக்கு வேல பாக்குற?"

நான் படித்தவன் அல்லவா, விளக்கம் சொன்னேன். தொடர் தீர்வு, ஏழு மணி, ரிசர்வ் வங்கி அறிவிப்பு எல்லாம் சொன்னேன். செய்தித்தாளில் எல்லாம் வந்ததே என்றேன். அவர் கேட்டுக் கொண்டே மேஜை டிராயரைத் திறந்து ஒரு செக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு கான்ட்ராக்டர் அப்பாவுக்குக் கொடுத்த செக், 2,10,000 ரூபாய். திங்கட்கிழமையே கொடுத்திருக்கிறார். "வெள்ளிக்கெழமதான எல்லாத்தையும் சேத்துப் போடுவேன். இந்த வாரம் அதுக்கும் மனசு வரல" என்றார். முன்பெல்லாம் செக்கை இன்று போட்டாலும் நான்கு நாள் கழித்துப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது திங்கட்கிழமை காலையில் போட்டிருந்தால் அன்று ராத்திரிக்குள் பணம் கணக்கில் விழுந்திருக்கும். புதன்கிழமை செக் தாராளமாக பாஸாகியிருக்கும். அப்பாவைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வேகம் டிராயரில் தூங்கியது. அவரைக் கவிழ்த்த வேகம் மட்டும் வேலை செய்தது. இரண்டும் ஒரே மிஷின்தான், நான் டெஸ்ட் செய்த அதே மாதிரி மிஷின்.

இங்கே டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்த எங்கள் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், நீங்கள் ஹோல்ட் டைம் நடத்தியது அன்று எனக்கு ஞாபகம் வந்தது. சிக்னல் தாமதமாக வந்தால் சர்க்யூட் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். சீக்கிரம் வந்தாலும் கெடும், அப்போது வேண்டுமென்றே நடுவில் பஃபர் போட்டு அதை மெதுவாக்க வேண்டும் என்று சொன்னீர்கள். நான் அதில் மார்க் வாங்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. அப்பா அதைத்தான் கடைசியாகச் சொன்னார். முன்பு காகிதம் எங்கள் ஊர்க் கிளைக்கு வந்த காலத்தில், பணம் குறைந்தால் மேனேஜர் கடைக்கு ஆள் அனுப்புவாராம். "அண்ணாச்சி, ஒரு செக் வந்திருக்கு, இருபதாயிரம் குறையுதுன்னு சார் சொன்னாங்க." அப்பா பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கியாவது அரை மணி நேரத்தில் கட்டிவிடுவாராம். யோசித்துப் பாருங்கள், இப்போதும் நேரம் இருக்கிறது. பத்தரைக்குப் போட்ட செக்குக்கு ஏழு மணி வரை கொடுக்கும் வங்கிக்கு அவகாசம் உண்டு. ஆனால் அந்த நேரம் வங்கியுடையது, வாடிக்கையாளருடையது இல்லை. படம் இப்போது எங்கள் ஊர்க் கிளைக்கு வருவதில்லை. ஏதோ ஒரு பெருநகரத்தில் உள்ள மையத்துக்குப் போகிறது. அங்கே கணினி கணக்கைப் பார்க்கிறது, குறைகிறது, திருப்பு. இரண்டு மணிக்கு வந்த அந்த மெசேஜ் திரும்பியதைச் சொல்ல வந்தது. திரும்பப் போகிறது என்று பதினோரு மணிக்குச் சொல்ல யாரும் நிரல் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். எங்கள் திட்ட அறிக்கையில் பணம் பெறுபவருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. செக் எழுதியவர் அதில் ஒரு கணக்கு எண், அவ்வளவுதான். இன்னும் சில கிளைகளில் மேனேஜர்கள் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். அது அவர்கள் நல்ல மனசு, ஏற்பாடு இல்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். செக்கின் படம் வந்த நிமிடமே கணக்கில் பணம் குறைந்தால், வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் இரண்டு வரி: இந்த எண்ணுள்ள செக் வந்திருக்கிறது, இவ்வளவு குறைகிறது, இந்த மணிக்குள் கட்டவும். வங்கி அதுவரை பதில் சொல்லாமல் பொறுக்க வேண்டும், ஏழு மணியைத் தாண்டாமல். எண்பது வரி நிரல் கூட இருக்காது. கூட்டத்தில் ஒருவர், "கணக்கில் பணம் வைத்திருப்பது வாடிக்கையாளர் கடமை" என்றார். உண்மைதான், மறுக்க முடியாது. இன்னொருவர், ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ், என்ன செலவு என்று கேட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.

அப்பா இப்போது செக் வந்த அன்றே பத்து மணிக்கு முன்னால் வங்கி வாசலில் நிற்கிறார். வியாழக்கிழமை தேதி போட்டுத்தான் செக் எழுதுகிறார். செக்கே வேண்டாம், ஆன்லைனில் அனுப்புங்கள் என்று நானும் தங்கையும் சொல்லிப் பார்த்தாயிற்று. "செக்குன்னா நம்ம கையெழுத்து இருக்கும்டா" என்கிறார். வாரம் ஒரு முறை போனில் அந்த விண்ணப்பம் என்னாச்சு என்று கேட்பார். போன வாரம், "அந்த மெசேஜ் நெசமாவே தமிழ்ல வருமா?" என்று கேட்டார். வரும்பா என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை.